ஊர்ப்பெயரும் உரிமையாளரும்

மாலை ஐந்து மணிக்குமேல் கே.கே. நகரின் உட்டெருக்களுள் எதனுள் நுழையினும் சிறுவர் கிரிக்கெட் ஆடும் காட்சியைக் காணலாம். மூன்று செங்கற்கள் விக்கெட்டாக நிற்கும். எதிர்வீட்டு மதில் எல்லையாகும். நடுவே மிதிவண்டி ஒன்று வருமாயின் ஆட்டம் கணப்பொழுது நின்று மீளத் தொடங்கும். இவ்வாட்டத்திற்கு எழுதாச் சட்டம் ஒன்றுண்டு. மட்டை எவனுடையதோ அவனே முதலில் ஆடுவான். அவன் ஆட்டமிழந்தான் என்று ஏனையோர் அனைவரும் ஒரு குரலாய்க் கூவினும், அவன் ஒப்பினாலன்றி அஃது ஆட்டமிழப்பு ஆகாது. மிகவும் வற்புறுத்துவரேல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டிற்குப் போய்விடுவான். அத்துடன் எல்லாருடைய ஆட்டமும் முடிந்தது. யாமும் அத்தெருக்களிலே வளர்ந்தவராதலின் மட்டையுடையானது அதிகாரத்தை நன்கறிவோம். சில காலம் அம்மட்டையை யாமே உடையராயிருந்து அவ்வதிகாரத்தைச் சிறிதும் நாணமின்றிச் செலுத்தினோம் என்பதையும் ஈண்டு மறைத்தல் கூடாது.

ஆட்டத்திற்கு உரியவர் யாவர்? மட்டையை வாங்கினவரா? ஆடுகின்றவரா? நின்று காண்கின்றவரா? இவ்வினா சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் கோடையில் அசோகத்தூண் தொடங்கி முனுசாமி சாலை ஈறாக மஞ்சட் சட்டைகள் பூத்துக் குலுங்கும் காலத்தில், ஒரு தேநீர்க்கடையின் முன் நின்று, 'இவ்வணி யாருடையது?' என வினவிப் பார்க்க. 'நம்முடையது' என்பதே விடையாக வரும். ஆனாற் சட்டம் அவ்விடையை ஏலாது. சென்னை சூப்பர் கிங்ஸ் என்பது பங்குகளும் இயக்குநரும் கணக்கேடுகளும் உடையதொரு நிறுவனத்தின் சொத்து. தேநீர்க்கடையார் கூறுவதும் பொய்யன்று. சட்டம் கூறுவதும் பொய்யன்று. இவ்விரண்டு மெய்களும் முரணும் பொழுது எதற்கு எது விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பதே யாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழிற் பொருளுடையாரைக் குறிக்கும் சொற்கள் பலவாம். அவற்றுட் புரவலர் என்பது ஒன்று, முதலாளி என்பது மற்றொன்று. புரவலர் கொடுத்து மகிழ்வார். முதலாளி இட்ட முதலைப் பயனோடு மீளப்பெறக் கருதுவார். இருவரும் உலகிற்கு வேண்டியவரே. ஆயினும் ஒருவரை மற்றவராகக் கொள்ளுதல் பிழைக்கு இடந்தரும்.

சென்னையிற் கிரிக்கெட் வளர்ந்தது முதற்கண் புரவலர் கையில். மயிலையில் லஸ் என்னும் பகுதியில் வாழ்ந்த எம். புச்சிபாபு நாயுடுவை இந்நகரத்துக் கிரிக்கெட்டின் தந்தை என்பர். ஐரோப்பியருடைய மதராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்க்கு இடமில்லாத அக்காலத்தில், 1888ஆம் ஆண்டில், அவர் மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். ஆடவந்த இளைஞர்க்கு வேண்டும் கருவிகளைத் தம் பொருளாலே உதவினார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிர் நின்று ஆடும் பிரசிடென்ஸிப் பந்தயத்திற்கு வழிகோலினவரும் அவரே. 1908இல் அவர் மறைந்தார். அவர் பெயராலாகிய போட்டி இன்றும் நிலவுகின்றது. அவர் தம் அணியால் ஈட்டிய பொருள் யாதென வினவின், விடையில்லை. ஈட்டிய புகழோ நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது.

அவருக்குப் பின் கம்பெனிகளின் காலம் வந்தது. சான்மார் குழுமத்தார் ஜாலி ரோவர்ஸ் என்னும் அணியைப் பேணினர். இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியார் நகர லீக் போட்டிகளில் ஒன்றிற்கு மேற்பட்ட அணிகளை நடத்தினர். நன்கு பந்து வீசும் இளைஞனுக்கு அலுவலகத்தில் ஓர் இருக்கையும் திங்கள்தோறும் சம்பளமும் கிடைத்தன. கம்பெனியின் பெயர் நாளிதழில் வந்ததே அவர் பெற்ற ஊதியம். இதனைப் புரவலர்க்கும் முதலாளிக்கும் இடைப்பட்ட நிலை எனலாம். இந்நிலையாற் பிழைத்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலராதலின், இதனைப் பழித்தல் நன்றி மறத்தலாகும்.

2008ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இந்நிலை மாறிற்று. இந்தியன் பிரீமியர் லீக்கின் எட்டு அணிகளும் ஏலத்தில் விடப்பட்டன. எட்டும் சேர்ந்து 72 கோடி டாலருக்கு மேல் விலைபோயின. சென்னை அணியை 9 கோடியே 10 இலட்சம் டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் பெற்றது. அவ்வாறு பெற்றது யாது என்பதை ஆராய்தல் வேண்டும். சேப்பாக்கம் திடலை அன்று. அஃது அரசினிடம் குத்தகையாகப் பெற்ற நிலத்தில் மாநிலக் கிரிக்கெட் சங்கத்தார் நடத்துவது. ஆட்டக்காரரை அன்று, அவர் குறித்த காலத்திற்கு ஒப்பந்தம் பேசி வருபவர். 'சென்னை' என்னும் பெயரால் ஓர் அணியைக் களத்தில் இறக்கும் உரிமையும், அவ்வாட்டத்தைக் காட்டி வரும் பணத்தில் ஒரு பங்குமே விலைக்கு வாங்கப்பட்டன. அப்பணம் எத்துணைப் பெரிது! 2023 முதல் 2027 வரையுள்ள ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைகள் மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. ஒளிபரப்புவோர் இவ்வளவு கொடுப்பது பந்திற்கும் மட்டைக்கும் அன்று. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, 'நம் ஊர் வெல்லுமா' என்று நெஞ்சு படபடக்க நோக்கும் கோடிக்கணக்கான கண்களுக்கே. ஆகவே உரிமையாளரது சரக்கின் பெரும்பகுதி நம்முடைய அன்பே. அதனை அவர்க்கு நாம் விற்றோமில்லை, இரவலாகவே கொடுத்திருக்கின்றோம்.

இம்முறை அமெரிக்காவில் நெடுங்காலம் பழகியது. அந்நாட்டுக் கால்பந்து, பெயரளவிற் கால்பந்தேயாயினும், பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். அதன் தொழில்முறைச் சங்கத்தில் 32 அணிகள் உள்ளன. உரிமையாளர்களே கூடிச் சங்கத்தின் ஆணையரைத் தேர்ந்தெடுக்கின்றனர்; சட்டம் வகுக்கின்றனர்; ஓர் அணி ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊர் செல்லலாமா என்பதையும் 32இல் 24 வாக்குகளால் முடிவு செய்கின்றனர். அவ்வூராருக்கு அங்கே வாக்கு ஒன்றுமில்லை. 1984 மார்ச்சில் பால்டிமோர் நகரத்து அணியின் உடைமைகளை அதன் உரிமையாளர் இரவோடிரவாக லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸ் நகருக்குக் கொண்டுபோயினார். விடிந்தபொழுது அவ்வூரார் தம் அணியை இழந்திருந்தனர். பின்பு 1996இல் கிளீவ்லாந்து அணி அதே பால்டிமோருக்குப் பெயர்ந்தது. ஆனால் இம்முறை கிளீவ்லாந்து மக்கள் வாளா இருந்தாரல்லர். அவர் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக அணியின் பெயரும் நிறமும் பழைய வரலாறும் அவ்வூரிலேயே நிறுத்தப்பட்டன. 1999இல் புதியதோர் அணி அப்பெயரைத் தாங்கிக் களம் புகுந்தது. ஆட்களும் கருவிகளும் உரிமையாளரைச் சாரும், பெயரும் நினைவும் ஊரைச் சாரும் என்னும் நீதி ஒருவாறு அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

நம் நாட்டிலோ அந்நீதி இன்னும் கருக்கொள்ளவில்லை. 2009இற் கோப்பை வென்ற ஹைதராபாத்து டெக்கான் சார்ஜர்ஸ் அணி, உரிமையாளரின் பணமுடையால் 2012இல் நீக்கப்பட்டது. அவ்வூர்க்கு வேறோர் அணி வந்தது. பழைய பெயரும் நிறமும் மாண்டன. கொச்சி அணி ஒரே ஆண்டு ஆடி 2011இல் மறைந்தது. அவ்வணிகளுக்காகக் குரல் கம்மக் கூவிய சிறுவரை யாரும் ஒரு சொல் கேட்டிலர்.

நிற்க, எம் நகரத்துக் கதைக்கு வருவோம். வாரியத்தை நிருவகிப்பவர் எவரும் வாரியம் நடத்தும் போட்டிகளில் நேராகவோ மறைவாகவோ வணிகத்தொடர்பு கொள்ளலாகாது என்று இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் விதியொன்று இருந்தது. இந்தியா சிமெண்ட்ஸின் தலைவராகிய திரு. என். சீனிவாசன் சென்னை அணி வாங்கப்பட்ட காலத்தில் அவ்வாரியத்தின் பொருளாளர். 2008 செப்டம்பரில் அவ்விதி திருத்தப்பட்டது. பிரீமியர் லீக்கிற்கு அத்தடை இல்லை என்றாயிற்று. முன்னாள் வாரியத் தலைவராகிய திரு. ஏ.சி. முத்தையா இதனை எதிர்த்து வழக்காடினார். வழக்கு நிகழ்ந்துகொண்டிருக்கவே, 2011இல் திரு. சீனிவாசன் வாரியத்தின் தலைவருமாயினார். ஆட்டத்தை நடத்துவோரும் அணியை உடையோரும் ஒருவரே என்னும் நிலை இவ்வாறு முழுமையெய்திற்று. எம் தெருவின் மொழியிற் கூறுவதாயின், மட்டையுடையானே நடுவனும் ஆயினான்.

2013 மே மாதத்தில் அவர் மருமகனாராகிய திரு. குருநாத் மெய்யப்பன் பந்தயச் சூது பற்றிய வழக்கிற் கைதானார். அவர் அணியின் அதிகாரியல்லர், வெறும் ஆர்வலரே என்று அணியின் தரப்பிற் கூறப்பட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழுவோ அவர் அணியின் அதிகாரியே எனக் கண்டது. 'ஆர்வலர்' என்னும் நற்சொல் இங்ஙனம் கேடயமாகப் பயன்பட்டது கண்டு தமிழ் பயிலும் எம் போல்வார் வருந்துதல் இயல்பே. வெயிலில் வரிசையில் நின்று சீட்டு வாங்குவோரன்றோ உண்மையில் ஆர்வலர்! 2015 ஜனவரி 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதித்திருத்தம் செல்லாது எனத் தீர்த்தது. திரு. சீனிவாசன் குற்றத்தை மூடிமறைத்தார் என்னும் சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. நடுநிலை கருதி இதனையும் எடுத்துக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம். அதே ஆண்டு ஜூலை 14ஆம் நாள் நீதிபதி லோதா குழுவினர் சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளரை இரண்டாண்டு விலக்கினர்.

அத்தண்டனை நேரியதே. ஆயினும் அது யார்மேல் விழுந்தது? அக்காலத்து யாம் பத்து வயதுச் சிறுவர். 2016ஆம் ஆண்டுக் கோடையில் தமையனார் தம் மஞ்சட் சட்டையை மடித்து இரும்புப் பெட்டியின் அடியில் வைத்தது எமக்கு இன்றும் நினைவிருக்கின்றது. 'நாம் என்ன பிழை செய்தோம், அண்ணா?' என்று வினவினோம். அவர் விடை கூறிற்றிலர். விதியைத் திருத்தியவரல்லர் அவர், சூதாடியவருமல்லர், ஆயினும் இழந்தவர் அவர். உரிமையாளரின் பிழைக்கு ஊர் தண்டம் இறுக்கும் என்பதை அன்று கண்டோம். அதன் பொருளைப் பிற்பாடே உணர்ந்தோம்.

2018இல் அணி மீண்டது. அவ்வாண்டு காவிரிக் கிளர்ச்சியால் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டமே நிகழ்ந்தது. ஏனைய உள்ளூர் ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. அப்பொழுது சென்னையினின்று தனி இரயிலேறி ரசிகர் புனே சென்றனர். அணி ஊரைவிட்டுப் போயினும் ஊர் அணியைத் தொடர்ந்து சென்ற அக்காட்சியினும் சிறந்த சான்று எம் கட்சிக்கு வேறு வேண்டுவதில்லை.

இனி மறுப்போர் கூறுவதையும் கேட்போம். 'முதலிட்டவர் நட்டத்தையும் ஏற்பவரன்றோ? அவருக்கு அதிகாரம் வேண்டாவோ? எல்லார்க்கும் உரிய பொருள் யார்க்கும் உரியதன்றாய்க் கெடுமே' என்பர். இதில் உண்மை மிகவுண்டு. சென்னை அணியின் சிறப்பிற்கு உரிமையாளரின் பொறுமையும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் அடாது. சிற்சில ஆட்டங்கள் நீங்கலாக 2008 முதல் 2023 வரை திரு. தோனி ஒருவரே அதன் தலைவர். தோற்ற நாளிலும் அவரை அசைத்தாரில்லை. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்தாண்டுகளிற் கோப்பை வந்தது. இதற்கு மாறாக, 2024 மே மாதம் ஹைதராபாத்தில் லக்னோ அணி பத்து விக்கெட்டுகளால் தோற்ற இரவில், அதன் உரிமையாளர் களத்தின் ஓரத்திலேயே தலைவரை நிறுத்திச் சினந்து பேசுவதுபோலத் தோன்றிய காட்சியை நாடே கண்டது. 7,090 கோடி கொடுத்து வாங்கினவர்க்கு மனம் வெதும்புதல் இயற்கையே. எனினும் ஆட்டத்தைப் பலர் அறியத் தோற்றவன் பலர் அறியக் கடியப்படுதல் அறமன்று. நல்லுரிமையாளருக்கு அழகு கைநீட்டிக் கொடுத்தலோடு, வேண்டுமிடத்துக் கைகட்டி நிற்றலுமாம்.

எல்லார்க்கும் உரியது கெடும் என்பதற்கும் விடையுண்டு. அமெரிக்காவிலேயே கிரீன் பே என்னும் சிற்றூர் உளது. மக்கள் ஓரிலட்சத்தைச் சற்றே கடந்தவர். அவ்வூர் அணிக்குத் தனி முதலாளி இல்லை. 1923 முதல் பங்குகள் பொதுமக்களுக்கே விற்கப்பட்டு, இன்று பங்குதாரர் ஐந்திலட்சத்திற்கு மேற்படுவர். அவர்க்கு இலாபம் ஒரு காசும் இல்லை. எனினும் அணி அவ்வூரை விட்டு அகன்றதில்லை, கெட்டதுமில்லை. ஜெர்மனியிற் கால்பந்துக் கழகங்களின் வாக்குரிமையிற் பாதிக்கு மேற்பட்டது உறுப்பினரிடமே இருத்தல் வேண்டுமென்பது 1998 முதல் பொதுவிதி. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகத்து உரிமையாளர் தமக்கெனத் தனிப்போட்டி தொடங்க முற்பட்டபொழுது ஜெர்மானியக் கழகம் ஒன்றேனும் அதிற் சேரவில்லை. இங்கிலாந்தின் ஆறு கழகங்களோ சேர்ந்தன. தெருவில் இறங்கிய ரசிகர்க்கு அஞ்சி இரண்டொரு நாளில் விலகின.

எம் நகரத்திலும் ஒரு விந்தை நிகழ்ந்திருக்கின்றது. சூப்பர் கிங்ஸ் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, அதன் பங்குகள் இந்தியா சிமெண்ட்ஸின் பங்குதாரர்க்குப் பகிரப்பட்டன. 2024 டிசம்பரில் அச்சிமெண்ட் கம்பெனியே அல்ட்ராடெக் வசமாயிற்று. அணி அக்கைம்மாற்றத்துள் அகப்படவில்லை. அகப்பட்டிருப்பின் நம்மை யார் கேட்டிருப்பர்? சிமெண்ட் மூட்டையோடு நகரத்தின் பெயரும் எடைபோடப்பட்டிருக்கும்.

பெரியோர் செயலை மட்டும் உரைத்து முடித்தல் தகாது. மூன்றாண்டுகட்கு முன் எம் தெருப்பிள்ளைகள் ஓர் அணி அமைத்தோம். வணிகர் ஒருவர் பதினைந்து சட்டைகள் தைத்துக் கொடுத்தார், மகிழ்ந்தோம். அடுத்த திங்களில் தம் உறவினன் ஒருவனைத் தலைவனாக்க வேண்டுமென்றார், இசைந்தோம். பின்பு துணி தேய்ப்பவர் மகன் அணியில் இருத்தல் தமக்கு உகந்ததன்று என்றார். எம்முள் அவனினும் சிறந்த பந்துவீச்சாளன் இலன். யாம் அன்று வாய் திறந்திலோம். சட்டை அவருடையது என்னும் ஒரே எண்ணம் எம் நாவைக் கட்டிற்று. அவன் ஒன்றும் உரையாது சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் போயினான். அந்த ஞாயிற்றுக்கிழமையே எமது அணி இறந்தது. அதன்பின் ஆடிய இரண்டு ஆட்டங்கள் பிணத்திற்குச் செய்த அலங்காரமே. உரிமையாளரின் தவற்றில் பாதி, வாய்மூடி நிற்கும் ஏனையோருடையது என்பதை எம் சொந்த நாணத்தினாற் கற்றோம்.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, அணியை உடையார் ஆட்டத்தின் நீதியாசனத்தில் அமர்தல் கூடாது. 2016 ஜூலையில் லோதா குழுவின் பரிந்துரைகளுட் பெரும்பாலானவற்றை உச்ச நீதிமன்றம் ஏற்றதனால் இஃது ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டினின்று இறங்கி நாட்டில் நடமாட வேண்டும். இரண்டு, உரிமையாளர் மாறினும் மறையினும் ஊரின் பெயரும் அணியின் நிறமும் வரலாறும் ஊருக்கே நிற்கும் என ஒப்பந்தத்தில் எழுதப்படுதல் வேண்டும். மூன்று, ஊரின் பெயரால் வரும் பொருளில் ஒரு பகுதி ஊரின் பிள்ளைகள் ஆடும் திடல்களுக்குச் செல்லுதல் வேண்டும். இன்று எம் பகுதிச் சிறார் மோட்டார் வண்டிகளுக்கு இடையே உயிரைப் பணயம் வைத்தே ஆடுகின்றனர்.

புரவலர், முதலாளி என்னும் இரு சொற்களை முன்னர்க் கூறினோம். மூன்றாவதொரு சொல்லும் நம்மிடம் உண்டு. அதுவே தருமகர்த்தா என்பது. அவர் பொருளைக் காப்பார், பெருக்குவார், அதன்பொருட்டு அதிகாரமும் செலுத்துவார்; ஆயினும் 'இஃது என்னுடையது' என்று ஒருபொழுதும் கூறார். கணக்குக் கேட்போர்க்குக் கணக்குக் காட்டுவார். அணியின் உரிமையாளர் இலாபம் பெறுக. அதனை யாம் மறுக்கிலோம். ஆனால் ஊரின் பெயரைப் பொறுத்தவரை அவர் தருமகர்த்தாவே ஆவர்.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை எம் தெருவிற் சிறுவர் ஆடக் கண்டோம். மட்டைக்கு உடையவன் முதற்பந்திலேயே ஆட்டமிழந்தான். வழக்கம்போல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கினான். ஏனையோர் அவனைத் தடுத்தாரில்லை. ஒருவன் தன் பையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து, 'ஆளுக்கு இவ்வளவு போடுவோம். நாமே ஒன்று வாங்குவோம்' என்றான். கைகள் பல பைகளுட் புகுந்தன. மட்டையுடையான் வாயிற்படிவரை சென்றவன், சிறிது நேரம் நின்றான். பின்பு மீண்டுவந்து மட்டையை அடுத்தவன் கையிற் கொடுத்து, தான் பந்தெடுக்கப் போயினான். சட்டநூல்கள் உரைப்பதினும் தெளிவாக அச்சிறுவர் எமக்கு அன்று உரைத்தனர்.